நான்கடித் தொட்டி: உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள்

ஹாலில் பவளம் வளர்க்கக் கடல்நீர்த் தொட்டி வைக்கப் போகிறேன், 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம் சரியாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி இரண்டு எண்களை இடம் மாற்றிவிடுங்கள்: அகலம் 2 அடி, உயரம் ஒன்றரை. இரண்டிலும் தண்ணீர் ஒன்றுதான், 12 கன அடி, சுமார் 340 லிட்டர். ஆனால் வளர்ப்பவருக்கு அவை வேறு வேறு தொட்டிகள்.

தருமபுரியில் நான் முதலில் வைத்தது நீங்கள் சொல்லும் உயரத் தொட்டிதான். ஆறாவது மாதம், தோல்போல் இருக்கும் லெதர் பவளம் ஒன்று கல்லிலிருந்து கழன்று, பாறைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே விழுந்தது. ஸ்டூலில் ஏறி அக்குள் வரை கையை விட்டேன். விரல் நுனியில் அதன் விளிம்பு வழுக்கியதே தவிரப் பிடிபடவில்லை. பாறையைப் பிரித்தால் மொத்தமும் சரியுமோ என்று பயந்து ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட்டேன். அதற்குள் பவளம் அழுகி, தண்ணீர் வடிகஞ்சியைப்போல் கலங்கிவிட்டது. கோமாளி மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது.

அதனால்தான் கை எட்டும் உயரத்தை முதல் கணக்காக வைக்கிறேன். அகலம் 2 அடி இருந்தால் பாறையைச் சுவர்போல் பின்னால் சாய்த்து அடுக்க வேண்டியதில்லை; நடுவில் இரண்டு குன்றாக வைத்து, நான்கு பக்கமும் நீரோட்டத்துக்கு வழி விடலாம். கழிவு தேங்கும் மூலையே இருக்காது.

நீர்ப்பரப்பும் 6 சதுர அடியிலிருந்து 8 ஆகிறது. காற்று கலப்பது அந்தப் பரப்பின் வழியாகத்தான். நம் ஊரில் மின்தடை வந்து பம்புகள் நிற்கும்போது இந்த வித்தியாசம் புரியும். வெளிச்சமும் குறைந்த தூரம் இறங்கினால் போதும் என்பதால் சிறிய விளக்கே போதும், சூடும் குறையும். கண்ணாடியைப் பொறுத்தவரை, உயரம் ஒன்றரையிலிருந்து 2 அடி ஆனால் முன்கண்ணாடியைத் தள்ளும் விசை ஏறக்குறைய 1.8 மடங்காகிறது, தடிமனான கண்ணாடிக்குக் காசு கொடுக்க வேண்டும்.

பரப்பு கூடினால் ஆவியாவதும் கூடும், சித்திரை வெயிலில் தினமும் நீர் ஊற்ற வேண்டியிருக்கும். உப்பு ஆவியாகாது, எனவே ஊற்றுவது நல்ல ஆர்.ஓ. நீராகவே இருக்க வேண்டும். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், போர்வெல் நீரைத் தொட்டியில் விடவே விடாதீர்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கற்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கின்றன. விசிறி வடிவப் பவளமான கடல்விசிறியும் அப்படியே. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும், பவளமோ, சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடற்கல்லான உயிர்ப்பாறையோ, வாங்காதீர்கள். அங்குள்ள பவளத்திட்டுகள் ஏற்கெனவே பட்டது போதும். காளான் பவளம், ஜோவாந்திட் போன்ற மென்பவளங்களை முறையான ரசீதோடு வாங்குங்கள், பாறைக்குச் செயற்கைக் கல்லே போதும். இவற்றுக்குக் கடும் வெளிச்சம் தேவையில்லை என்பதால் தாழ்வான தொட்டியில் சிறிய விளக்கே தாராளம்.

எடையை மறக்காதீர்கள். உப்புநீர் மட்டுமே சுமார் 350 கிலோ. கல், மணல், கண்ணாடி அதற்கு மேல். மாடி வீடு என்றால் பொறியாளரைக் கேட்டுவிட்டு, சுவரை ஒட்டி வையுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பலகை எளிதாகக் கிடைக்கிறது; ஸ்டாண்டின் மேல் அதைப் போட்டு, தெர்மோகோல் விரித்துத் தொட்டியை இறக்குங்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன் அட்டைப்பெட்டிகளை வெட்டி அதே அளவில் ஒரு பெட்டி செய்து, ஸ்டாண்டின் உயரத்தில் வைத்து, உள்ளே கையை விட்டு நான்கு மூலைகளையும் தொட்டுப் பாருங்கள். வாசற்கதவின் அகலத்தையும் அன்றே அளந்துவிடுங்கள்.