சொல்லும் பொருளும்: நீல நிலவும் அத்திப் பூவும்

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்ற ஆங்கிலத் தொடர் வந்த ஒரு வாக்கியத்தை, 'ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் மாமா நீல நிலவில் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வருவார்' என்று மொழிபெயர்த்திருந்தாள். ஆசிரியை அதை அடித்துவிட்டு, 'அத்தி பூத்தாற்போல் வருவார்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நிலவு உண்மையிலேயே நீலமாகுமா? ஆசிரியையின் திருத்தம் சரிதானா?
(ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்)

பதில்: திருத்தம் சரியே. 'நீல நிலவில் ஒருமுறை' என்பதைப் படிக்கும் தமிழருக்கு ஏதோ ஓர் இரவுக் காட்சிதான் மனத்தில் தோன்றுமே தவிர, 'எப்போதாவது' என்ற பொருள் தோன்றாது.

நிலவு நீலமாகத் தெரிவதும் உண்டு. ஆனால் மிக அரிது. சிவப்பு ஒளியின் அலைநீளத்தைவிடச் சற்றே பெரிய துகள்கள், ஏறத்தாழ ஒரே அளவினவாக, வானில் மிகுதியாகப் பரவும்போது, அவை சிவப்பு ஒளியைச் சிதறடித்துவிட, எஞ்சிய நீலமே நம் கண்ணை வந்தடைகிறது. 1883-இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்த பிறகு உலகின் பல பகுதிகளில் இப்படி நிகழ்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னையில் சூரியனே பச்சையாகத் தெரிந்ததை, பின்னாளில் கொடைக்கானல் வான் ஆய்வகத்தின் தலைவரான பேராசிரியர் மைக்கி ஸ்மித் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 1950-இல் கனடாவின் காட்டுத் தீப் புகை அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சென்றபோது, பிரிட்டனிலும் நீல நிலவைக் கண்டார்கள். எரிமலை வெடிப்பிலிருந்தே இத்தொடர் பிறந்தது என்று சிலர் சொல்வதுண்டு; அது பொருந்தாது, ஏனெனில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தொடர் அச்சில் வந்துவிட்டது.

ஓர் ஆங்கில மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவதை 'ப்ளூ மூன்' என்று நாளிதழ்கள் எழுதுகின்றனவே, அது வேறு கணக்கு. 1946-இல் ஓர் அமெரிக்க வானியல் இதழில் வந்த கட்டுரை, பழைய பஞ்சாங்க வழக்கு ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டதால் பரவிய பொருள் அது. 19 ஆண்டுகளுக்கு 228 மாதங்கள். அதே காலத்தில் 235 பௌர்ணமிகள் வருகின்றன. மிகுதியான ஏழும் எங்கேனும் ஒரு மாதத்தில் இரண்டாவதாக வந்து விழத்தானே வேண்டும்? 2023 ஆகஸ்டில் அப்படி வந்தது. 2026 மே மாதத்திலும் 1-ஆம் தேதி ஒன்று, 31-ஆம் தேதி ஒன்று. அந்த நிலவு வழக்கம்போல் வெண்மையாகவே இருக்கும்.

இனி அத்திக்கு வருவோம். அத்தி பூப்பதை யாரும் கண்டதில்லை என்பதுதான் உவமையின் அடிப்படை. ஆனால் மரம் பூக்காமல் இல்லை. அடிமரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் அத்திக்காய் ஒன்றைப் பறித்து, கத்தியால் இரண்டாகப் பிளந்து, பேத்தியிடம் காட்டுங்கள். உட்சுவர் முழுவதும் மயிரிழைபோல நெருங்கி நிற்பவை அனைத்தும் பூக்கள். நாம் காய் என்று சொல்வது அப்பூக்களை உள்ளே பொதிந்து வைத்திருக்கும் கிண்ணம். நுனியிலுள்ள சிறு துளை வழியே நுழையும் நுண்ணிய குளவிதான் மகரந்தத்தைச் சேர்க்கிறது. பழுத்ததைப் பிளந்தால் அக்குளவிகள் வெளியே பறப்பதையும் பார்க்கலாம். கண்ணுக்கு மறைந்திருப்பதையே நம் முன்னோர் அருமைக்கு உவமையாக்கினார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

ஆசிரியை கவனித்திருக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 'அத்தி பூத்தாற்போல்' என்பதில், வந்தவரைக் கண்ட மகிழ்ச்சியும் கலந்திருக்கிறது. ஆங்கிலத் தொடருக்கு அத்தகைய சாய்வு இல்லை. அது எத்தனை முறை என்பதை மட்டுமே சொல்கிறது, பல இடங்களில் மனக்குறையோடும் வருகிறது. பக்கத்திலுள்ள மலையிலிருந்து இறங்கி வர மாமாவுக்கு மனமில்லையே என்ற ஆதங்கம் அவ்வாக்கியத்தில் இருந்தால், 'ஆடிக்கு ஒருமுறை, அமாவாசைக்கு ஒருமுறை வருவார்' என்பதே பொருத்தம். நம் வீடுகளில் அப்படித்தான் குறைபட்டுக்கொள்கிறோம். வருத்தமோ மகிழ்ச்சியோ இல்லையென்றால் 'எப்போதாவது வருவார்' என்று எழுதினாலே போதும்.

கேள்வி: அதே பொருளில் 'குறிஞ்சி பூத்தாற்போல்' என்று எழுதலாமா?
(ஒரு வாசகர், ஏற்காடு)

பதில்: எழுதலாம், ஆனால் இடமறிந்து எழுத வேண்டும். உங்கள் சேர்வராயன் மலையிலும் காணப்படும் நீலக்குறிஞ்சி, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. மூணாற்றில் 2006-இலும் 2018-இலும் மலைச்சரிவெங்கும் பூத்தது. ஆகவே நீண்ட இடைவெளிக்குப் பின், முறை தவறாமல் திரும்பி வருவதற்கே அவ்வுவமை பொருந்தும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் கோயில் குடமுழுக்கைப் பற்றி எழுதும்போது தாராளமாகப் பயன்படுத்துங்கள். என்றைக்கு வருவார் என்று சொல்ல முடியாத விருந்தாளிக்கு அத்தியே சரி.