நகரத் திட்டத்துக்கு மாறாகப் பெரிய ஹோட்டல் கேட்டால் நுவரெலியாவில் எப்படிப் பரிசீலிப்பார்கள்?

திட்டத்தை மீறுகிறது என்பதற்காக மட்டும் விண்ணப்பம் தானாகத் தள்ளுபடியாகாது. விலக்குக் கேட்க வழி உண்டு. ஆனால் அதற்கான காரணத்தை விண்ணப்பிப்பவர்தான் காட்ட வேண்டும். மாநகர சபையும், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் உயரம், பாதை, தண்ணீர், கழிவுநீர் எல்லாம் பார்ப்பார்கள்.

மலையில் முதல் கேள்வி மண்தான். சரிவை வெட்டினால் மேலே என்ன தளரும், மழைத்தண்ணீர் எந்தக் காணில் விழும், அந்தக் காணுக்குக் கீழே யாருடைய லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இருக்கிறது? இதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்து அறிக்கை தரும். 2014இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியதைக் கண்ட நாம் இந்த அறிக்கையை வெறும் கடதாசியாக நினைக்கவே கூடாது.

99 அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டல் என்றால் சுற்றாடல் அனுமதியும் வேண்டும். முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்கப்பட்டால், அந்த அறிக்கை 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவித்தல் வரும். நாம் பேச வேண்டிய நேரம் அதுதான். சும்மா “வேண்டாம்” என்று எழுதாமல், எந்தக் காண், எந்தச் சரிவு என்று இடத்தைக் குறிப்பிட்டுப் படத்தோடு எழுதிக் கொடுங்கள்.