மகனின் ரேடியோ ஆசைக்கு நாற்பதடிக் குழாய் எதற்கு?

கேள்வி: தலவாக்கலைக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில், பிள்ளைக் காப்பகத்தில் வேலை செய்கிறேன். மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். 'ஹாம் ரேடியோ' என்று போனில் எதையோ பார்த்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. டவுனில் தெரிந்த ஒருவர் இரண்டு வோக்கிடோக்கி, நாற்பதடி இரும்புக் குழாய், லைசென்ஸ் எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். எங்கள் லயம் பள்ளத்தில் இருக்கிறது, போனுக்கே சிக்னல் கிடையாது. குழாய் நட்டால்தான் எடுக்குமாம். சல்லியைக் கொடுக்கலாமா? இடி விழாதா?

பதில்: தங்கச்சி, சல்லியைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே முற்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள்.

ஹாம் ரேடியோ என்பது பொழுதுபோக்காகச் சொந்த ரேடியோவில் அலை பரப்பி மற்றவர்களோடு கதைப்பது. அதற்கான லைசென்ஸை யாரும் யாருக்கும் 'எடுத்துத் தர' முடியாது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் உங்கள் மகன் தானே உட்கார்ந்து எழுதிச் சித்தியடைய வேண்டும். பிறகு அவன் பெயருக்கு ஓர் அழைப்புக் குறி வரும். இலங்கைக்காரர்களின் குறி 4எஸ் என்று தொடங்கும். வண்டிக்கு நம்பர் மாதிரி அது அந்த ஓர் ஆளுக்கு மட்டும் உரியது. அந்த மனிதர் தரப்போவது விண்ணப்பப் படிவமாக இருக்கும், இல்லாவிட்டால் அதைவிட மோசமான ஒன்றாக இருக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் லெமினேட் பண்ணிய தாள் ஒன்றைப் பெருமையோடு கொண்டுவந்து என்னிடம் காட்டினான். அதில் இருந்த அழைப்புக் குறி என் நண்பர் ஒருவருடையது. அவர் அன்று காலையில்தான் அதே குறியில் என்னோடு கதைத்திருந்தார். பையனின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. அவனுடைய அப்பா ஆறு மாதமாகச் சேர்த்த காசு அது.

வோக்கிடோக்கி விஷயம் அதைவிடக் கவனம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி அலை பரப்பும் கருவியைப் பாவிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். விற்கிறவருக்கும் வேண்டும். உங்கள் ஆளிடம் 'உங்களுடைய விற்பனை அனுமதிப்பத்திரத்தைக் காட்டுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார். இந்த மலிவுக் கருவிகள் 136 முதல் 174 மெகாஹேர்ட்ஸ் வரை எங்கு திருப்பினாலும் பேசும். ஹாம்காரர்களுக்கு அதில் உரியது 144லிருந்து 146 வரையுள்ள சின்னத் துண்டு மட்டும்தான். மிச்சம் எல்லாம் வேறு சேவைகளுடையது. பிள்ளை தெரியாமல் பட்டனை அழுத்தி யாரோ ஒரு சேவையின் நடுவில் போய் விழுவான். தோட்டத்துத் தமிழ்ப் பையன் ஒருவன் கையில் லைசென்ஸ் இல்லாத வோக்கிடோக்கியோடு பிடிபட்டால் அவன் எத்தனை பேருக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. லைசென்ஸ் கைக்கு வரும் வரை அலை பரப்பும் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

நேர்வழியில் போகிறவனுக்கு வழி லேசாக இருக்கிறதா என்றால், இல்லை. எங்கே போனாலும் விலாசம் கேட்பார்கள். லயத்தில் இருப்பவருக்குத் தனி விலாசம் ஏது? இருபது வீட்டுக்கும் சேர்த்துத் தோட்டத்தின் பெயர்தான் விலாசம். கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வரும், அங்கே மேசையில் கிடக்கும், யாராவது ஞாபகம் வந்து எடுத்துக் கொடுத்தால் உண்டு. எனக்கு முதன்முதலில் பரீட்சைக்கு வந்த அழைப்புக் கடிதம் அப்படி ஒரு மேசையில் மூன்று கிழமை கிடந்தது. பரீட்சை முடிந்து நாலாம் நாள்தான் கையில் கிடைத்தது. இத்தனை வருடம் கழிந்தும் அதை நினைத்தால் கோபம் வருகிறது, ஏனென்றால் நிலைமை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மலையகத்துப் பிள்ளைக்கு ஒரு கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேராத வரைக்கும் டவுனில் இருக்கும் தரகர்களுக்கு நல்ல காலம்தான். மகன் விண்ணப்பிக்கும்போது, கடிதம் நிச்சயமாகக் கிடைக்கும் ஒருவருடைய விலாசத்தைப் போடட்டும். பாடசாலை அதிபரோ டவுனில் இருக்கும் மாமாவோ போதும். பரீட்சைக்குப் படிப்பது பற்றி றேடியோ சொசைட்டி ஒஃப் ஸ்ரீலங்காவுக்கு அவனே எழுதிக் கேட்கட்டும். ஹாம்காரர்களின் சங்கம் அது.

இனி அந்த நாற்பதடிக் குழாய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான், ஏமாற்றுகிறவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

ஏரியல் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்பது பொதுவாகச் சரி. வோக்கிடோக்கியின் அலை டோர்ச் லைட் மாதிரி நேராகப் போவது. எதிரே மலை இருந்தால் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் டிவிக்காரர்கள் 2,524 மீற்றர் உயரமான பீதுருதலாகலை உச்சியில் போய்க் கோபுரம் கட்டினார்கள். உங்கள் லயம் பள்ளத்தில். சுற்றியுள்ள மலை ஆயிரம் அடி என்றால், நாற்பதடிக் குழாய் நட்ட பிறகும் தொள்ளாயிரத்து அறுபது அடி மிச்சம் இருக்கிறது. ஆகவே வோக்கிடோக்கிக்கு அந்தக் குழாய் உதவாது.

ஹாம்காரர்கள் தூரத்துக்குக் கதைக்கப் பாவிப்பது சிற்றலை. அதற்கு அந்தக் குழாய் தேவையே இல்லை. லயத்தில் நடுச்சுவர் முகடு வரைக்கும் போகாத வீடுகள் இன்னும் இருக்கின்றன அல்லவா? பக்கத்து வீட்டில் லைட் போட்டால் சுவருக்கு மேலால் நம் முகட்டில் பட்டு நம் காம்பராவிலும் வெளிச்சம் விழும். சிற்றலையில் உள்ள 7 மெகாஹேர்ட்ஸ் அலையும் பகலில் அப்படித்தான். நேராக மேலே போய், சுமார் 300 கிலோமீற்றர் உயரத்தில் வானத்திலுள்ள மின்னேற்றம் பெற்ற படையில் பட்டு, குடை விரித்த மாதிரி இலங்கை முழுவதும் இறங்கும். நடுவில் எத்தனை மலை நின்றாலும் அதற்குக் கவலையில்லை. அலை நேர் மேலே போக வேண்டுமென்றால் ஏரியல் கம்பி தாழ்வாக இருக்க வேண்டும். மூன்று நாலு மீற்றர் போதும், உடுப்புக் காயப்போடும் கயிற்றைவிடக் கொஞ்சம் மேலே. அவ்வளவு தாழ்வாகக் கட்டினால் தூரத்து நாடுகள் குறைவாகத்தான் கேட்கும், யாழ்ப்பாணமும் கொழும்பும் தெளிவாகக் கேட்கும். இரவில் கதை மாறும். அந்தப் படை மெலிந்து, நேராக மேலே போனது திரும்பி வராது. கிட்டத்துக் குரல்கள் மறைந்து வெளிநாட்டுக் குரல்கள் வரும். மகன் இரவில் மட்டும் கேட்டுவிட்டு 'இலங்கைக்காரர் யாருமே இல்லை' என்று சலித்துக்கொள்ளக்கூடாது. ஞாயிறு காலையில் கேட்கட்டும்.

2004 டிசம்பரில் சுனாமி வந்து தெற்கில் தொலைபேசியெல்லாம் செத்துப்போனபோது அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுபோனது சிற்றலை ஹாம் ரேடியோதான். அதற்கு யாரும் கோபுரம் கட்டவில்லை.

சரி, லைசென்ஸ் வரும் வரை பிள்ளை கையால் என்ன செய்வான்? நிறையச் செய்யலாம்.

முதல் வேலை அந்தக் கம்பி. மொத்த நீளம் மீற்றரில் வேண்டுமென்றால் 143ஐ மெகாஹேர்ட்ஸால் வகுக்க வேண்டும். 7.1க்கு 20.14 மீற்றர் வரும், நடுவில் வெட்டினால் பக்கத்துக்குப் பத்து மீற்றரும் கொஞ்சமும். வயர் எதுவானாலும் பரவாயில்லை. நடுவிலும் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு வைத்து, நைலோன் கயிற்றால் இரண்டு மரத்துக்கு இழுத்துக் கட்டினால் சரி. தகரக் கூரைக்கு மேலே போடக்கூடாது, தகரம் அலையைக் கெடுத்துவிடும். மரத்தில் கட்ட முன்னர் ஒபிசில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேட்பதற்கு ஒரு சிற்றலை ரேடியோ வேண்டும். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. பெட்டியில் 'எட்டு பேண்ட்' என்று போட்டிருக்கும் மலிவு ரேடியோவில் ஹாம்காரர் பேசுவது வாத்து கத்துவது போலத்தான் கேட்கும். ஹாம்காரர் குரல் அனுப்பும் முறைக்குப் பெயர் 'எஸ்.எஸ்.பி.'; அப்படி எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும். வாங்க வசதியில்லையென்றால், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள ரேடியோவை இணையத்தில் யாரும் இலவசமாகத் திருப்பிக் கேட்கலாம். சிக்னல் உள்ள இடத்தில் போனோடு அரை மணித்தியாலம் உட்கார்ந்தால் குரல்கள் எப்படி இருக்கும் என்று காதுக்குப் பழகிவிடும். வீட்டு ரேடியோவில் 'கிர்ர்ர்' என்று ஓயாமல் இரைந்தால் ரேடியோவைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் எல்.ஈ.டி. பல்பும் போன் சார்ஜரும்தான் காரணம். பெட்டரியில் ரேடியோவைப் போட்டுவிட்டு வீட்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அப்போதும் இரைந்தால் பக்கத்து வீட்டுச் சார்ஜர், அதற்குக் கம்பியை லயத்தைவிட்டு இன்னும் பத்து மீற்றர் தள்ளிக் கட்டுவதே வழி.

இரண்டாவது, மோர்ஸ் பழகும் கருவி. நீளச் சத்தமும் குறுகிய சத்தமுமாக எழுத்துகளை அனுப்புவதுதான் மோர்ஸ். உடுப்புக்குப் போடும் மரக் கிளிப் ஒன்றின் இரண்டு உதட்டிலும் டின் தகடு சுற்றினால் மோர்ஸ் தட்டும் சாவி தயார். சத்தத்தை உண்டாக்க 555 என்ற ஐ.சி. ஒன்று, 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 0.1 மைக்ரோபரட் கெப்பாசிட்டர், ஒன்பது வோல்ட் பெட்டரி, பழைய சின்ன ஸ்பீக்கர். இந்தக் கணக்குக்குச் சத்தம் ஏறக்குறைய 690 ஹேர்ட்ஸில் வரும், காதுக்கு இதமான இடம். இது வீட்டுக்குள் சத்தம் மட்டும் போடுவதால் லைசென்ஸ் கேட்காது. புள்ளி, கோடு என்று தாளில் மனப்பாடம் செய்யாமல் காதால் பழகட்டும். கண்ணால் படித்தவர்கள் பிறகு வேகம் பிடிக்கச் சிரமப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில், ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு சுற்று வருகிறது. அதில் உள்ள ஹாம் ரேடியோ 145.800 மெகாஹேர்ட்ஸில் பேசும், சில நாட்களில் படமும் அனுப்பும். அது தலைக்கு மேலே வருவதால் பள்ளத்தில் இருப்பவனுக்கும் பங்கு உண்டு. மலைக்கு மேலே எழும்பித் தெரியும் அந்தச் சில நிமிடங்கள்தான் அவனுடையவை. போனில் செருகி அலையைக் கேட்க மட்டும் உதவும், எஸ்.டி.ஆர். என்ற சின்ன ரிசீவர் ஒன்றும், பக்கத்துக்கு 49 சென்ரிமீற்றர் உள்ள இரண்டு கம்பியும் போதும். சத்தம் படமாக மாறுவதைப் பையன் ஒரு தடவை பார்த்தால் பிறகு அவனைப் பிடிக்க முடியாது. ஒரு எச்சரிக்கை: 'நோவா' வானிலைச் செய்மதிகளிலிருந்து மேகப் படம் எடுக்கலாம் என்று சொல்லிக் கருவி விற்கிறார்கள். அந்தப் படம் அனுப்பிக்கொண்டிருந்த மூன்று செய்மதிகளும் 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டன. பழைய வீடியோவைக் காட்டி விற்பவரிடம் வாங்கவேண்டாம். ரஷ்யாவின் 'மெற்றியோர்' செய்மதிகள் 137 மெகாஹேர்ட்ஸில் இன்னும் இருக்கின்றன, அதைக் கொஞ்சம் பழகிய பிறகு பார்க்கலாம்.

இடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாழ்ந்த கம்பியால் இடி தேடிவராது. ஆனால் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் கறுத்துக்கொண்டு வரும்போது, முதல் முழக்கத்துக்கு முன்பே, ஏரியலிலிருந்து ரேடியோவுக்கு வரும் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். கழற்ற மறந்து முழக்கம் தொடங்கிவிட்டால் தொடவேண்டாம், ரேடியோ போனால் போகட்டும். இடிதாங்கி என்று டப்பா விற்பவர்களை நம்ப வேண்டாம். இடியைவிட எனக்குப் பயம் கரண்ட் கம்பிதான். ஏரியலோ அதைக் கட்டும் கயிறோ மின் கம்பிக்கு மேலாலும் கீழாலும் போகக்கூடாது. அறுந்து விழுந்தாலும் எட்டாத தூரம் இருக்க வேண்டும். நாற்பதடி இரும்புக் குழாய் சரிந்தால் நாற்பதடி தூரத்துக்கு விழும். லயத்துக்கு முன்னால் லைன் போகிற இடத்தில் அதை இரண்டு பேர் பிடித்து நிமிர்த்துவதை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தின் அடியில் மகன் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தான்: 'வீட்டில் பழைய டிஷ் கேபிள் இருக்கு, ஏரியலுக்குப் பாவிக்கலாமா?' பாவிக்கலாம் தம்பி. அது 75 ஓம் கேபிள். நீ கட்டப்போகும் ஏரியலின் நடுப்புள்ளியும் திறந்த வெளியில் ஏறக்குறைய 73 ஓம்தான். தாழ்வாகக் கட்டும்போது இன்னும் குறையும், ஆனால் கேட்பதற்கு அது ஒரு பொருட்டில்லை. உள்கம்பியை ஒரு பக்கத்திலும் மேலே உள்ள வலையை மறு பக்கத்திலும் இறுக்கமாக முறுக்கிச் சேர்த்துவிடு. மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் சேர்ந்த இடத்தை டேப்பால் இறுக்கமாகச் சுற்று. வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளை ஒரு வளைவு தொங்கவிடு, இல்லாவிட்டால் தண்ணீர் கேபிள் வழியாகவே ரேடியோவுக்குள் வந்துவிடும்.