பஸ் வாடை என்ன செய்யும்?

கேள்வி: எனக்கு 24 வயது. ஊர் ராமேஸ்வரத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே தங்கச்சிமடம். ஆட்டிசம் (சத்தம், வாடை, பேச்சு எல்லாவற்றையும் மூளை வேறு விதமாகக் கையாளும் பிறவி இயல்பு) இருப்பது போன வருடம்தான் உறுதியானது. மாதம் இரண்டு முறை மதுரைக்குப் போக வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் பாட்டு, ஹாரன், பக்கத்து ஆள் பூசிய சென்ட் எல்லாம் சேர்ந்து, இறங்குவதற்குள் பேச்சே வராது. மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடப்பேன். "கருவாட்டு வாடையில வளர்ந்தவனுக்கு பஸ் வாடை என்ன செய்யும்?" என்கிறார் அம்மா. நான்தான் பழகிக்கொள்ள வேண்டுமா?

பதில்: இத்தனை முறை போய் வந்தும் பழகவில்லை என்றால், இது பழக்கத்தில் தீருகிற விஷயம் இல்லை, தம்பி.

அம்மா கேட்டது நல்ல கேள்விதான். ஆனால் கருவாடு எங்கே காய்கிறது, காற்று எந்தப் பக்கம் திரும்பினால் வாடை வரும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. தாங்காவிட்டால் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விடலாம். பஸ்ஸில் எங்கே போவீர்கள்? எந்தத் திருப்பத்தில் ஹாரன் அலறும் என்பதும் தெரியாது. அம்மாவிடம் இதை இப்படியே சொல்லிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் ரயிலுக்கு மாறுங்கள். மதுரை பாசஞ்சர் ராமேஸ்வரத்தில்தான் கிளம்புகிறது. எதிர்த் திசையில் போவது வீண் அலைச்சல் மாதிரி தோன்றும். பரவாயில்லை, அங்கேயே போய் ஏறுங்கள். கூட்டம் சேருவதற்கு முன்னால் ஜன்னலோரம் பிடித்துவிடலாம். நெருக்கினால் எழுந்து இடம் மாறலாம்.

மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கடந்ததை அடித்துக்கொண்டே போங்கள். காற்று பலமாக இருந்தால் பாம்பன் பாலத்துக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிடுவார்கள். 2025-ல் திறந்த புதுப் பாலத்திலும் அதே கதைதான். அதனால் தாளின் முதல் வரியிலேயே 'காற்றுக்காக நிற்கலாம்' என்றும் எழுதி வையுங்கள். எழுதி வைத்தது நடந்தால் அவ்வளவாகப் பதறாது.

சத்தம் குறைக்கும் ஹெட்போனை வாங்கினால் வீட்டில் இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். காதை அழுத்துவதே சிலருக்கு ஆகாது. அவர்களுக்குப் பஞ்சு மாதிரியான காதடைப்பான் போதும். சென்ட் வாடைக்கு, வீட்டு சோப்பில் துவைத்த துண்டு ஒன்று தோளில் இருக்கட்டும். பதற்றத்தைத் தணிக்க விரலை ஆட்டுவது, முன்னும் பின்னும் அசைவதையெல்லாம் அடக்காதீர்கள். ரயிலே ஆடிக்கொண்டுதானே போகிறது!

"எந்த ஊரு தம்பி, யாரு மகன்?" என்று நம் பக்கத்தில் கேட்காமல் விடமாட்டார்கள். ஒரு வரிப் பதில் தயாராக இருக்கட்டும். அதுவும் வராத நேரத்துக்கு, 'எனக்கு ஆட்டிசம். இப்போது பேச முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்' என்று எழுதிய அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும், பின்னால் அம்மாவின் நம்பரோடு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. அரசு அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

மறுநாள் படுத்துக் கிடப்பதையும் பயணக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். அன்றைக்கு வேறு வேலை வேண்டாம். அப்புறம், திரும்பும்போது ராமேஸ்வரம் வரை போகாமல் பாம்பனிலேயே இறங்கிவிடலாம். தெரிந்த ஆட்டோக்காரரிடம் முதல் நாளே சொல்லி, வாடகையையும் பேசி வையுங்கள். களைத்துப்போய் இறங்கும் நேரத்தில் பேரம் பேச வேண்டியிருக்காது.