கேளுங்க சொல்றேன்: ஆணா இருந்தா வச்சுக்கோ

கேள்வி: பழங்காலத்துல எல்லா நாட்டுலயும் பொண்ணுங்கள அடிமை மாதிரிதான் வச்சிருந்தாங்களா? வீட்ல இத வச்சு பெரிய சண்டையே நடந்துச்சு சார்.

பதில்: சண்டைல ரெண்டு பக்கமும் பாதி பாதி ஜெயிச்சுக்கலாம். கட்டுப்பாடு எல்லா இடத்துலயும் இருந்துச்சு, ஆனா ஒரே மாதிரி இல்ல. என்னக் கேட்டா, சொத்து யார் கைல இருந்துச்சுன்னு பாத்தா பாதி கதை புரிஞ்சிடும். ஜனநாயகத்துக்குப் பேர் போன ஏதென்ஸையே எடுத்துக்கோங்க, அங்க ஒரு பொண்ணு தானா பண்ற கொடுக்கல் வாங்கலுக்கு உச்சவரம்பு ஒரு மெடிம்னோஸ் பார்லி, அதாவது சுமார் 50 லிட்டர் தானியத்தோட விலை, அதுக்கு மேலன்னா அப்பாவோ புருஷனோ பொறுப்பாளரா வந்து நிக்கணும். ஆண் வாரிசு இல்லாம அப்பா செத்துட்டா சொத்து மகளோடயே போகும், ஆனா மகளுக்குப் போகாது (வித்தியாசத்த கவனிங்க), அவளக் கட்டிக்கிற உரிமை எனக்குத்தான்னு சித்தப்பாவே கோர்ட்டுக்குப் போகலாம்!

அதே கிரேக்கத்துல ஸ்பார்ட்டாவுல நிலத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ரெண்டு பங்கு பொண்ணுங்ககிட்ட இருந்துச்சுன்னு அரிஸ்டாட்டில் எழுதிருக்கார். பாராட்டி இல்ல, புலம்பி. அந்த நிலத்துல உழைச்ச ஹெலட் அடிமைங்கள்ல பொண்ணுங்களும் இருந்தாங்க, அவங்களுக்கு என்ன கிடைச்சுதுன்னு யாரும் கேக்கறதில்ல.

எனக்குப் பிடிச்ச ஆள் எகிப்துல இருக்காங்க. கி.மு. 12ஆம் நூற்றாண்டு, அரசர்களுக்குக் கல்லறை வெட்டற தொழிலாளிங்க ஊரான டெய்ர் எல் மெதினால நவுநக்தேன்னு ஒரு பாட்டி. நான் சுதந்திரமான பொண்ணு, எட்டுப் பிள்ளைய வளத்து ஆளாக்கினேன், வயசான காலத்துல எல்லாரும் என்னப் பாத்துக்கலன்னு ஊர் சபை முன்னாடி நின்னு சொல்லி, பாத்துக்காதவங்களுக்கு என் பங்குல ஒண்ணும் கிடையாதுன்னு உயில் எழுதிட்டாங்க. நல்லாப் பாத்துக்கிட்ட மகனுக்கு மட்டும் எக்ஸ்ட்ராவா ஒரு வெண்கலப் பாத்திரம். ஏதென்ஸ்ல இருந்திருந்தா அந்தப் பாத்திரத்தக்கூட இப்படி எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

கேள்வி: ஹமுராபி சட்டம் பெண்களுக்குப் பாதுகாப்பு கொடுத்துச்சுன்னு படிச்சேன். நிஜமா?

பதில்: அரை நிஜம். ஹமுராபி பாபிலோன் ராஜா, அவரோட சட்டத்தக் கல்லுல செதுக்கி வச்சிருந்தாங்க. புருஷன் மட்டமா நடத்தினான், தன் மேல தப்பில்லன்னு நிரூபிச்சா சீதனத்த எடுத்துக்கிட்டு அப்பா வீட்டுக்குக் கிளம்பலாம், கி.மு. 1750 வாக்குல இது பெரிய விஷயம்தான். ஆனா அதே கல்லுலயே, இன்னொருத்தனோட சேத்து ஊர் வெறுமனே விரல் நீட்டினாலே தன் மேல தப்பில்லன்னு காட்ட அவ புருஷனுக்காக ஆத்துல குதிக்கணும்னும் இருக்கு. கடன் வாங்கினவன் பொண்டாட்டி பிள்ளைங்கள மூணு வருஷம் வேலைக்கு வித்துடலாம். இன்னொண்ணு, கர்ப்பமா இருக்கிற ஒரு பெரிய வீட்டுப் பொண்ண ஒருத்தன் அடிச்சு அவ செத்துட்டா தண்டனை அவனுக்கில்ல, அவனோட மகளக் கொல்லணும். தப்பு பண்ணது அப்பன், சாகறது பொண்ணு.

கேள்வி: அந்தக் காலத்து ஆம்பளைங்களுக்குப் பொண்டாட்டி பிள்ளை மேல பாசமே கிடையாதா?

பதில்: இருந்துச்சே, அதான் பிரச்சனையே! ரோமானிய ஆட்சில இருந்த எகிப்துல ஆக்ஸிரிங்கஸ்ங்கிற ஊரோட பழைய குப்பை மேட்டுலேர்ந்து கிடைச்ச பாப்பிரஸ் (நாணல்ல செஞ்ச தாள்) லெட்டர் ஒண்ணு இருக்கு. எழுதினது கி.மு. 1ல, வேலைக்காக அலெக்ஸாண்ட்ரியா போன ஹிலாரியன், பொண்டாட்டி ஆலிஸுக்கு. கவலப்படாத, சின்னக் குழந்தைய நல்லாப் பாத்துக்கோ, கூலி கைக்கு வந்ததும் அனுப்பிடறேன்னு எல்லாம் சொல்லிட்டு, அடுத்து பொறக்கற குழந்தை ஆணா இருந்தா வச்சுக்கோ, பொண்ணா இருந்தா வெளில போட்டுடுன்னு எழுதறான். பேனா அங்க நிக்கக்கூட இல்ல, அடுத்தாப்லயே, என்னை மறந்துடாதீங்கன்னு சொல்லி விட்டிருந்தியாமே, உன்ன நான் எப்படி மறப்பேன்னு கொஞ்சறான்.