லயத்துக்குப் பின்னால் உள்ள பாயாவை (சதுப்பு நிலத்தை) மண் கொட்டி மூடலாமா?

சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எங்கள் லயத்துக்குப் பின்னால், ஓடையை ஒட்டி இரண்டு ஏக்கர் பாயா கிடக்கிறது. கொசுத் தொல்லை தாங்கவில்லை. லாரி மண் கொட்டி நிரவிப் பிள்ளைகளுக்குத் திடல் அமைக்கலாமா, ஐயா?"

வேண்டாம் என்பதே என் ஆலோசனை. இரண்டு ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஏறக்குறைய 25 லட்சம் லிட்டர். பாயாவை மூடினால் அடுத்த பெருமழையில் அந்த நீர் தங்க இடமின்றி, தாழ்வான உங்கள் லயத்து வாசலைத்தான் தேடி வரும்.

மண்ணையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். முழங்கை ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள்; விரலிடுக்கில் கடுங்காப்பி நிறத்தில் நீர் வடிந்து, கையில் மக்கிய வேரும் இலை நாரும் மிஞ்சினால் அது கரிமண். அதன்மேல் கொட்டும் மண் ஆண்டுக்காண்டு அமுங்கும். திடல் சமமாக நிற்காது. நீரை வடித்துக் காயவிட்டாலோ அடியிலேயே தீப்பற்றிப் புகையும். அருகிலுள்ள ராஜா மூசா வனக் காப்பகத்தில் பழைய கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துவது இதற்காகத்தான்.

கொசுவைப் பற்றி: பாயாவில் கொசுவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ், பெரும்பாலும் பழைய டயர், பூச்சட்டி, கூரைத் தகரப் பீலி போன்றவற்றில் தேங்கும் நீரில்தான் முட்டையிடுகிறது. விராலும் பனையேறிக் கெண்டையும் வாழும் பாயாவில் கொசுப் புழுக்களை அந்த மீன்களே தின்றுவிடும். ஆகவே பாயாவில் கிடக்கும் குப்பையையும், வீட்டைச் சுற்றியுள்ள டயர்களையும் அகற்றுவது முதல் வேலை.

உங்கள் ஓடை சேரும் சிலாங்கூர் ஆறு, கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கு மேல் தருகிறது. 2014 வறட்சியில் உங்கள் வட்டாரத்து ஈயக்குட்டைகளின் (ஈயம் தோண்டிய பழைய சுரங்கக் குழிகளின்) நீரை ஆற்றில் இறைத்துத்தான் சமாளித்தார்கள். வீண் என்று நாம் ஒதுக்கிய குட்டைகள் அவை! ஆற்றின் கீழ்ப்பகுதியில், கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளின் புழுக்களும், ஈரமான கரையில் கிடைக்கும் சிறு நத்தைகளைத் தின்றே வளர்கின்றன.

சட்டமும் குறுக்கே நிற்கலாம். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியின்படி, 5 மீட்டருக்கும் குறுகிய ஓடைக்கே இரு கரையிலும் 5 மீட்டர் ஒதுக்கு நிலம் விடவேண்டும். 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு அது 50 மீட்டர். உரிமை தோட்டத்துடையதா, அரசுடையதா என்பதை மாவட்ட நில அலுவலகத்தில் கேளுங்கள். திடலுக்கு மேட்டு நிலத்தில் இடம் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதுவதே நல்லது.

கடிதம் எழுதும் முன் பாயாவின் ஓரத்தில் ஒரு கம்பை ஊன்றி, அரை அடிக்கு ஒரு கோடாகச் சாயம் பூசுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் ஒவ்வொரு நாளும் நீர் எந்தக் கோட்டில் நிற்கிறது, எத்தனை நாளில் வடிகிறது என்று ஒரு நோட்டில் தேதியுடன் குறித்து, அதன் நகலைக் கடிதத்துடன் இணையுங்கள்.