ஆறு வருட மருவுக்கு இனி களிம்பு போதாது

நண்பரே, ஆண்குறியில் ஆறு வருடமாக இருக்கும் மரு காலிஃபிளவர் போலப் பெருத்து, இப்போது நாற்றமும் ரத்தக்கசிவும் இருக்கிறது, பயாப்சியில் (சதைத் துண்டை எடுத்துச் செய்யும் பரிசோதனையில்) 'புற்று இல்லை' என்று வந்ததால் களிம்பிலேயே சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இமிக்விமாட், போடோஃபிலின் போன்ற பூச்சு மருந்துகள் எல்லாம் சின்ன மருவுக்கு.

நீங்கள் சொல்வது புஷ்கே-லோவன்ஸ்டைன் கட்டியாக, அதாவது ராட்சத அளவுக்கு வளரும் மருவாக இருக்கலாம்; நேரில் பார்க்கும் டாக்டர்தான் உறுதி செய்ய வேண்டும். பெரும்பாலும் எச்.பி.வி. என்ற மரு வைரஸின் 6, 11 வகைகளால் வருவது. தொலைவில் பரவுவது அரிது, ஆனால் அடிச்சதையைக் குடைந்துகொண்டு இறங்கும். சிலருக்கு அதற்குள்ளேயே ஒரு மூலையில் புற்று இருக்கும். அந்த பயாப்சியை எங்கிருந்து எடுத்தார்கள்? மேலே துருத்தியிருக்கும் நுனியைக் கிள்ளியிருந்தால், அந்த ரிப்போர்ட்டை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். புற்று இருந்தால் அடியில் ஒளிந்திருக்கலாம். ஆழமாக, பல இடங்களிலிருந்து எடுக்க வேண்டும்.

இதற்கு முக்கிய சிகிச்சை ஆபரேஷன்தான். அதில் சுற்றியுள்ள நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து வெட்டி, எடுத்தது முழுவதையும் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். எவ்வளவு ஆழம் என்று பார்க்க முன்பே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். காயம் பெரிதானால் தொடைத் தோலை எடுத்து ஒட்டுவதுண்டு. உறுப்பே போய்விடுமோ என்ற பயம் புரிகிறது. மிக ஆழமாக இறங்காதவரை பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

திரும்ப வரும் வாய்ப்பு உண்டு, அதனால் ஆறிய பிறகும் செக்கப்பை விடாதீர்கள். எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், துணைவியையும் டாக்டரிடம் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம், சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். இந்த வாரமே யூராலஜிஸ்டை (சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்பு நோய் டாக்டரை) பாருங்கள்.